வார்டுக்குப் புதிதாக வரும் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கிரியாட்டினின் 1.0 தான் சார், கிட்னி நார்மல்" என்றார் வார்டுக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த பயிற்சி ஃபார்மசிஸ்ட். கட்டிலில் இருந்த பாட்டிக்கு வயது 80, எடை 40 கிலோ. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததற்காக, உறைதலைத் தடுக்கும் எனாக்ஸபரின் ஊசி 40 மில்லிகிராம், காலையும் மாலையும் எழுதியிருந்தார்கள். கால்குலேட்டரை எடுக்கச் சொன்னேன். 140-இல் வயதைக் கழித்தால் 60. எடையால் பெருக்கினால் 2400. அதை 72-ஆலும் கிரியாட்டினின் 1.0-ஆலும் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 28 மில்லி. அந்தக் கணக்கு 30-க்குக் கீழே இறங்கினால் இந்த ஊசி நாளுக்கு ஒரு வேளைதான். டாக்டரிடம் பேசினோம், மாலை ஊசி நின்றது.

கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பாட்டியின் கையைத் தொட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், தோலும் எலும்பும்தான். தசை இல்லாத உடம்பில் 1.0 நார்மல் கிடையாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: தாளைப் பார்க்கிறோம், ஆளைப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்டுகளுக்கான ஃபார்ம்.டி (டாக்டர் ஆஃப் ஃபார்மசி) படிப்பு 2008-இல் வந்தது. 5 வருடப் படிப்பு, 1 வருடப் பயிற்சி. ஐ.சி.யூ., புற்றுநோய், சிறுநீரகம், உறுப்பு மாற்று என்று தனிப் பிரிவுகளில் இன்று இதைப் படித்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஆனாலும் நோயாளியின் வீட்டாருக்கு நாம் யாரென்று தெரியாது. "மருந்துக் கடையிலிருந்து வந்திருக்காங்க" என்றுதான் நினைப்பார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பெயர் சொல்லி, மருந்துகளைச் சரிபார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு கேட்டால் பதில் சுருங்கிவிடும்.

கேள்வியும் முக்கியம். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். திட்டு வாங்க யாருக்கு ஆசை? மூச்சுத் திணறலோடு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆன ஒரு பெரியவரிடம் நானே அப்படித்தான் முதலில் கேட்டேன். "ரெண்டு வேளையும் விடாம எடுக்கிறேன் தம்பி" என்றார். மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று ரவுண்ட்ஸில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்புறம்தான் தோன்றி, "எப்படி எடுப்பீங்கன்னு ஒருதரம் காட்டுங்க ஐயா" என்றேன். பையிலிருந்து ரோட்டாகேப் டப்பாவைத் திறந்து ஒரு கேப்ஸ்யூலை வாயில் போட்டு, டம்ளர் தண்ணீரைக் கையில் எடுத்தார். உறிஞ்ச வேண்டிய மருந்தை இத்தனை நாளும் விழுங்கியிருக்கிறார். உறிஞ்சும் கருவியான ரோட்டாஹேலர் அட்டைப் பெட்டிக்குள் பிரிக்காமலே இருந்தது. டாக்டர், நர்ஸ், நான் எல்லோருமே அதுவரை அவரது சீட்டைத்தான் பார்த்திருந்தோம்.

அதனால் மருந்துப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெட்டிய ஸ்ட்ரிப்பில் பெயர் இருக்காது, மீதி எங்கே என்று கேளுங்கள். டோலோவும் கால்பாலும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் போடுகிறவர்கள் உண்டு. இரண்டுமே பாராசிட்டமால். நாட்டு மருந்து, லேகியம், மூட்டுவலிப் பொடி பற்றியும் கேளுங்கள், ஆனால் முகத்தைச் சுளிக்காமல். ஒருமுறை சுளித்தால் அடுத்த முறை மறைத்துவிடுவார்கள்.

ரத்தப் பரிசோதனை எண்களை அப்படியே நம்பிவிடுவது அடுத்த தவறு. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினின் ரத்த அளவு 10 முதல் 20 வரை இருக்க வேண்டும். 8 என்று ரிப்போர்ட் வந்ததும் டோஸைக் கூட்டச் சொல்லத் தோன்றும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு என்று பாருங்கள். இந்த மருந்தில் பெரும்பகுதி ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டே ஓடுவது, ஒட்டாத சிறு பகுதிதான் வேலை செய்கிறது. ஆல்புமின் 2 என்றால், அதை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டினால் 0.5. எட்டை அதனால் வகுத்தால் 16. போதுமான அளவுதான். தெரியாமல் கூட்டினால் சில நாளில் நோயாளி தள்ளாடுவார், கண் ஆடும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் அளவைப் பார்க்க ரத்தம் எடுத்த நேரத்தையும், அதற்கு முந்தைய டோஸ் உண்மையில் ஏறிய நேரத்தையும் நர்ஸிடம் கேட்காமல் ரிப்போர்ட்டைப் படிப்பதில் பயனில்லை.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போட்ட நோயாளியின் சார்ட்டில் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று முடியும் மாத்திரை இருந்தால் அன்றே பேசுங்கள். மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் கரைய வேண்டியதை இடித்துக் கரைத்து விட்டால், முழுதும் ஒரே வீச்சில் ரத்தத்தில் கலந்துவிடும்.

சாஃப்ட்வேர் காட்டும் மருந்து மோதல்கள் எல்லாவற்றையும் டாக்டரிடம் கொண்டுபோகாதீர்கள். பத்து விஷயம் சொன்னால் பத்தும் காதில் விழாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெலோடு, அதன் வேலையைக் குறைக்கும் அமில மாத்திரையான ஒமிப்ரசோல் இருந்தால் சொல்லுங்கள், கூடவே பாண்டோப்ரசோல் மாற்றலாம் என்ற வழியையும் சொல்லுங்கள். நோயாளி எதிரில் "இது தப்பு டாக்டர்" என்று ஆரம்பிப்பது எனக்குப் பிடிக்காது. உண்மையாகவே இருந்தாலும் அந்த நோயாளியின் நம்பிக்கை அங்கே உடைகிறது. உடனே ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. சொன்னதைக் கோப்பில் எழுதிவையுங்கள், மறுநாள் போய் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். போய்ப் பார்க்காத ஆலோசனை பாதி வேலைதான்.

மருந்தால் ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தாலே அறிக்கை அனுப்பலாம், நிரூபிக்க வேண்டியதில்லை. தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது, இலவச எண் 1800-180-3024.

நான் அதிகம் பயப்படுவது டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான். பில், ஆட்டோ, மூட்டை முடிச்சு என்று எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். மூட்டு வாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை போடுவது. சீட்டில் 1-0-0 என்று இருந்தால் வீட்டில் தினமும் காலையில் கொடுத்துவிடுவார்கள். வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து திரும்பி வருவார்கள், சிலர் திரும்பி வராமலும் போகலாம். "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்சுலினும் அப்படித்தான். இங்கே மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட். மாற்றி, 100-ஐச் சிவப்பு சிரிஞ்சில் இழுத்தால் 50. "புரிஞ்சுதாம்மா?" என்று மகளிடம் கேட்டால் சரி என்று தலையாட்டுவார், ஆட்டோ வெளியே நிற்கிறது. தலையாட்டியதோடு அனுப்பிவிடாதீர்கள். வீட்டில் எந்தச் சிரிஞ்ச் வைத்திருக்கிறார்களோ அதையே எடுக்கச் சொல்லி, உங்கள் எதிரிலேயே 20 கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.