லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கும் இருவருக்கு

என் வீட்டுக்காரர் எனக்கு ஏழு மாதம் முன்னால் லண்டன் வந்தவர். நான் வந்து இறங்கியபோது எங்கள் பகுதியான ஈஸ்ட் ஹாம் முழுக்க அவருக்கு அத்துப்படி. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும் இடத்தில் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். அவர் விறுவிறுவென்று முன்னால் போவார், நான் அவருடைய முதுகுப் பையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவேன். மூன்று வாரம் இப்படியே ஊர் சுற்றினோம். நாலாவது வாரம் ஒருநாள் பால் வாங்கத் தனியாகப் போனேன். திரும்பும்போது எங்கள் தெரு எது என்று தெரியவில்லை. எல்லாத் தெருவிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் அதே செங்கல் வீடுகள், வாசலில் அதே குப்பைத் தொட்டிகள். போனில் சார்ஜ் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்குப் பால் கேனோடு இருபது நிமிடம் சுற்றி வந்து சேர்ந்தேன்.

அன்று ராத்திரி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சனிக்கிழமைதோறும் நான் கூட்டிப் போவேன், அவர் பின்னால் வருவார். நான் வழி தப்பினாலும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சனிக்கிழமை, அரை மணியில் போக வேண்டிய பூங்காவுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சொன்னபடி அவர் பேசவில்லை. பெருமூச்சு மட்டும் அவ்வப்போது கேட்டது. முதலில் வந்தவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தயவுசெய்து கைடு வேலையை விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, கூட வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். விசாவில் உங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தவருக்கு முதல் சில மாதங்கள் தெருதான் எல்லாமே. அதை அவர் தன் காலால் கண்டுபிடிக்கட்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வாடகை வீட்டில் மாடிக்கு ஒரு ஸ்மோக் அலாரமாவது வைத்திருக்க வேண்டும் என்பது இங்கே வீட்டை வாடகைக்கு விடுபவருக்குச் சட்டம். அது கடுகு தாளிப்பதற்கும் தீ விபத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. காய்ந்த மிளகாய் கறுக்க ஆரம்பித்தாலே அலறும். அதற்காக அதைக் கழற்றி வைப்பது, பிளாஸ்டிக் கவரால் மூடுவது எல்லாம் வேண்டாம். மிளகாயை எண்ணெய் ரொம்பச் சூடாவதற்கு முன்பே போடுங்கள், புகைபோக்கி மின்விசிறியை அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஓடவிடுங்கள், ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். முக்கியமாக, குளிர்கோட்டு மாட்டும் இடத்தின் கதவைச் சாத்துங்கள். கம்பளிக் கோட்டு தாளிப்பு வாசனையை ஒரு வாரம் வைத்திருக்கும்.

இட்லி மாவுதான் பெரிய பாடு. நவம்பரில் மேடையில் வைத்த மாவு மறுநாள் மாலை வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். எல்லாரும் செய்வது, ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்துவிடுவது. விளக்கின் சூடே போதும். குளிர்காலத்தில் 14, 16 மணி நேரம் எடுக்கலாம், பொறுமை வேண்டும். நான் இப்படி வைத்துவிட்டுத் தூங்கப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் அதிகாலையில் எழுந்து எனக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று கேக் செய்ய ஓவனை 180 டிகிரியில் சூடேற்றியிருக்கிறார். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நான் எழுந்து வந்தபோது பிளாஸ்டிக் டப்பா உருகி, கம்பி வழியாக மாவு சொட்டி, அடியில் தோசை மாதிரி ஒன்று வெந்திருந்தது. மேல் பக்கம் பொன்னிறம். ‘கேக் எங்கே?’ என்று கேட்டேன். ‘இதுதான்னு வச்சுக்கோயேன்’ என்றார். அதற்கப்புறம் எங்கள் ஓவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று எழுதிய அட்டை ஒன்று நூலில் தொங்குகிறது. மாவும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறிவிட்டது.

காய்கறிக்கு ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த், டூட்டிங், வெம்பிளியின் ஈலிங் ரோடு என்று போனால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் கிடைக்கும். இந்தக் கடைகள் பலவற்றில் இலங்கைத் தமிழ்தான் கேட்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் காதைக் கொஞ்சம் தயார் செய்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, ‘இதுல கறி இருக்காக்கா?’ என்று கேட்டேன். ‘ஓம் பிள்ளை, மரக்கறி’ என்றார் கடைக்கார அக்கா. கறி என்றதும் நான் அதைத் திரும்ப வைத்துவிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். மரக்கறி என்றால் காய்கறி என்று வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. திரும்ப உள்ளே போய் இரண்டு வாங்கினோம். சூடாக, மிளகுக் காரத்தோடு, நடந்துகொண்டே சாப்பிட அதைவிடத் தோதான பண்டம் இல்லை.

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். நாலு, ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மற்ற நாட்களில் சாயங்காலம் போனால், அன்றைக்குத் தேதி முடியும் சாமான்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலையைக் குறைத்திருப்பார்கள். பாக்கெட்டில் ‘யூஸ் பை’ என்று போட்டிருந்தால் அந்தத் தேதியைத் தாண்டிச் சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்றால் ருசியோ பதமோ கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மஞ்சள் ஸ்டிக்கரைத் தேடிக்கொண்டு கைகோத்துப் போவது காதலா சிக்கனமா என்று எங்களுக்கே குழப்பம்.

வெளியே சாப்பிடும்போது இரண்டு மூன்று விஷயம். காபிக் கடையில் ‘ஈட் இன்’னா ‘டேக் அவே’யா என்று கேட்பது உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் இல்லை. சாண்ட்விச் போன்ற ஆறிய பண்டங்களை எடுத்துப் போனால் வரி இல்லை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 20 சதவீதம் வரி. அதனால்தான் சில கடைகளில் ஒரே சாண்ட்விச்சுக்கு இரண்டு விலை. வெயில் இருக்கும் நாளில் பூங்கா பெஞ்சு இருக்கவே இருக்கிறது. ஓட்டலில் தண்ணீர் கேட்கும்போது ‘டேப் வாட்டர்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வந்துவிடும், பில்லிலும் ஏறிவிடும். மது விற்க உரிமம் உள்ள இடமென்றால் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீரைச் சும்மா கொடுத்தாக வேண்டும். பில்லின் அடியில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பார்கள். அது பெரும்பாலும் உங்கள் விருப்பம்தான், கவனிப்பு சரியில்லையென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். நான் ஒரே ஒரு முறை சொன்னேன், சொல்லிவிட்டு வீடு வரை வெட்கமாக இருந்தது.

பஸ்ஸில் காசு வாங்குவதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். கருவியில் தட்டிக் கட்டணம் கட்ட ஆளுக்கொரு கார்டு வேண்டும். ஒரே கார்டை இரண்டு பேருக்குத் தட்ட முடியாது. போனில் தட்டினால் போனிலேயே தட்டுங்கள், கார்டில் என்றால் கார்டிலேயே. மாற்றி மாற்றித் தட்டினால் இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒரு நாளுக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற உச்சவரம்பின் பலன் கிடைக்காது. முதல் பஸ்ஸில் தட்டியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம் என்பதால், தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டால் பதறாமல் இறங்கி அடுத்ததில் ஏறுங்கள். எஸ்கலேட்டரில் ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்காதீர்கள். வலது பக்கம் ஒருவர் பின் ஒருவராக நிற்க வேண்டும், இடது பக்கம் ஏறிப் போகிறவர்களுக்கு. புதிதாக வந்த ஜோடியை லண்டன்காரர்கள் இதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே போவதற்கு ‘டூ டுகெதர்’ என்று ஒரு ரயில்கார்டு உண்டு. இரண்டு பேரின் போட்டோவும் அதில் இருக்கும், சேர்ந்து போனால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வாரநாட்களில் காலை ஒன்பதரைக்கு முன்னால் செல்லாது. தம்பதியாக இருக்க வேண்டும் என்று இல்லை, 16 வயது நிரம்பிய எந்த இருவரும் வாங்கலாம். நாங்கள் அதை வைத்து முதலில் போனது பிரைட்டன் கடற்கரைக்கு. மெரினா மாதிரி மணலில் கால் புதைய நடக்கலாம் என்று செருப்பைக் கழற்றினேன். முழுக்கக் கூழாங்கல்.

இனி நடை. எங்கள் பக்கத்தில் கிரீன்வே என்று ஒரு பாதை இருக்கிறது, ஹாக்னி பக்கத்திலிருந்து பெக்டன் வரை, தெருக்களுக்கு மேலே கரை மாதிரி உயர்ந்து நேராகப் போகும். வந்த புதிதில் ‘எவ்வளவு அழகான பாதை’ என்று அம்மாவிடம் வீடியோ காலில் காட்டிக்கொண்டே நடந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அது ஊர்ச் சாக்கடையின் முதுகு. 1858 கோடையில் தேம்ஸ் நாறி நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் பஸல்ஜெட் என்ற பொறியாளர் கட்டிய பெரிய கழிவுநீர்க் குழாய்கள் அந்தக் கரைக்குள் இன்றும் ஓடுகின்றன. சில கோடை நாட்களில் அது லேசாகத் தன் இருப்பைச் சொல்லும். ஆனாலும் அந்தி நேரத்தில் கூரைகளுக்கு மேல் நடப்பது போல இருக்கும், கார் வராது. சைக்கிள் மணி கேட்டால் மட்டும் ஒதுங்குங்கள்.

நீண்ட நடைக்கு எங்கள் முதல் தேர்வு, ஆர்ச்வே ரோட்டில் இருக்கும் ஹைகேட் முருகன் கோவிலிலிருந்து தொடங்குவது. சாமி கும்பிட்டுவிட்டு மேடேறி வாட்டர்லோ பூங்காவுக்குப் போங்கள். 1889-ல் அதை ஊருக்குக் கொடுத்த சிட்னி வாட்டர்லோ, ‘தோட்டம் இல்லாதவர்களுக்கான தோட்டம்’ என்று சொல்லிக் கொடுத்தாராம். மாடி வீட்டில், தொட்டியில் ஒரு புதினாவோடு வாழும் எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். பக்கத்திலேயே கார்ல் மார்க்ஸ் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டம், உள்ளே போக டிக்கெட் வேண்டும். அங்கிருந்து இறங்கி ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பரந்த திறந்தவெளிக்குள் புகுந்தால் பார்லிமென்ட் ஹில். சுமார் 98 மீட்டர் உயரம்தான், நம் ஊரில் இதைக் குன்று என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உச்சியில் உட்கார்ந்தால் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் கோபுரம் வரை தெரியும். அங்கே எங்கள் எலுமிச்சை சாதத்தைத் திறந்த இரண்டாவது நிமிடம் ஒரு நாய் வந்து உட்கார்ந்துவிட்டது. சாதத்துக்கு அது நாக்கைத் தொங்கப்போட்டது, அதன் சொந்தக்காரர் தூரத்திலிருந்தே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். நாய்களுக்குச் சங்கிலி கட்டாமல் விடும் இடம் அது, பயம் இருந்தால் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னச் சாகசம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் டிஎல்ஆர் (டாக்லண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயில். ஓட்டுநர் அறையே கிடையாது, ஆகவே முன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இருக்கை பயணிகளுக்கு. பேங்க் ஸ்டேஷனிலிருந்து லூயிஷம் போகும் வண்டியில் முதல் ஆளாக ஏறிப் பிடித்துவிடுங்கள். போட்டிக்கு எட்டு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், விட்டுக்கொடுப்பது உங்கள் மனசாட்சியைப் பொறுத்தது. சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்து, கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கினால் ஆற்றங்கரையில் வட்டமான ஒரு சிறு கட்டடம். அதுதான் 1902-ல் திறந்த நடைச் சுரங்கத்தின் வாசல். தேம்ஸுக்கு அடியில் 370 மீட்டர் நடந்து கிரீன்விச்சில் மேலே வரலாம், காசு இல்லை. வெள்ளை ஓடு பதித்த குழாய். வடக்கு முனையில் கொஞ்ச தூரம் குறுகலாக இருக்கும், போரின்போது விழுந்த குண்டைச் சரிசெய்த இடம். பேச்சு எதிரொலிக்கும் என்பதால் குடும்பச் சண்டைக்கு ஏற்ற இடம் இல்லை. தமிழ் யாருக்குப் புரியப் போகிறது என்றும் நினைக்காதீர்கள், இது லண்டன்.

டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். வேலை முடிந்து நடக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், சனி ஞாயிறில் மதியத்துக்கு முன் கிளம்பிவிடுங்கள். இருட்டிய பிறகு போக மியூசியங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்துக்கு அனுமதி இலவசம், வெள்ளிக்கிழமை இரவு எட்டரை வரை திறந்திருக்கும். 33-ஆம் அறையில் சோழர் கால நடராஜர் நிற்கிறார். நான் வந்த முதல் ஜனவரியில் மூன்று வெள்ளிக்கிழமை அங்கே போனேன். கலை ரசனை எல்லாம் இல்லை, வீட்டு நினைப்பு வந்தால் போய் எதிரே உட்காருவேன். ஜூனில் ஒன்பதே காலுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். அப்போது ராத்திரிச் சாப்பாட்டைப் பூங்காவிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் நடைப் பையில் எப்போதும் இருப்பவை: தொப்பி வைத்த மழைக்கோட்டு இரண்டு (இங்கே அடிக்கிற காற்றில் குடை திரும்பிக்கொள்ளும்), டீ பிளாஸ்க், தயிர்சாதமோ எலுமிச்சை சாதமோ ஒரு டப்பா, போன் சார்ஜர், மூன்று ஸ்பூன். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்றால், ஒன்று எப்படியும் கீழே விழும். பெரும்பாலும் அவருடையது.