புட்டு மாவுக்கு வீட்டு மில் வாங்கப் போகிறீர்களா?

மழைக்காலத்தில் குடையும் வாளியுமாக மில்லுக்கு அலைய முடியாமல், மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன மாவு மில் வாங்கினேன். நம்மூர் வழக்கப்படி அரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு அப்படியே போட்டேன். சல்லடை முழுக்கக் களி! சுரண்டி எடுக்க அரை நாள் போனது.

இந்த மாதிரி வீட்டு மில்கள் பெரும்பாலும் காய்ந்த தானியத்துக்குத்தான். ஊறிய அரிசியைத் துணியில் பரப்பி, கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை உலர்த்திப் போடவும். ஈர மாவில்தான் புட்டு ருசி என்பவர்களுக்குப் பழையபடி வெளியே உள்ள மில்லே சரி. வாங்கும்போது சல்லடைகளைப் பார்த்து வாங்குங்கள். புட்டுக்குக் கொஞ்சம் பெரிய கண், இடியாப்பத்துக்கு நைஸ்.

அப்புறம் கரண்ட். 1 எச்.பி. மோட்டார் தரும் திறன் 746 வாட். அது இழுப்பது அதைவிடக் கூடுதல், ஓடத் தொடங்கும் நொடியில் பல மடங்கு. அதனால் 6 ஆம்பியர் பிளக் வேண்டாம். எர்த் உள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் பக்கமே போகாதீர்கள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டரும் இதைத் தாங்காது.

முதலில் வெறுமனே ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகே தானியத்தை விடவும். வோல்டேஜ் குறைந்து மோட்டார் சுற்றாமல் முனகினால் உடனே அணைத்துவிடுங்கள். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகினால் திரும்பச் சுற்றத் தனிச் செலவு.