பெரியப்பாவின் நாடகங்கள்: பழைய தமிழ்க் கோப்புகளைக் கெடாமல் மீட்பது எப்படி

பெரியப்பாவுக்கு 81 வயது. எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் ஒரு காலத்தில் மேடையேறிய நாடகங்கள் பலவும் அவர் எழுதியவை. போன தீபாவளிக்கு, சிங்கப்பூர் அங் மோ கியோவில் உள்ள அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு செருப்புப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே ஒரு சிடி, ஏழு கேசட், ஒரு விஎச்எஸ் நாடா, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுப் புகைப்படங்கள். "எல்லாத்தையும் ஒரு தடவை திரும்பப் படிச்சுப் பார்க்கணும் மா. எழுத்து மட்டும் பெரிசா தெரிஞ்சா போதும்" என்றார்.

படங்களும் கேசட்டும்தான் கஷ்டம், நாடகங்கள் வெறும் எழுத்துக் கோப்புகள்தானே என்று நினைத்தேன். நடந்தது நேர்மாறு. மூன்று வாரத்தில் இரண்டு வாரம் எழுத்துக்கே போனது. அதனால் இங்கேயும் எழுத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

படி 1: மூலத்தைப் பூட்டுங்கள்

சிடியில் இருப்பதை அப்படியே ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்து, 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடுங்கள். வேலையை எல்லாம் இன்னொரு நகலில் செய்யுங்கள். புது மடிக்கணினியில் சிடி டிரைவ் இருக்காது. சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பி டிரைவ் கிடைக்கிறது, அது போதும்.

இந்தப் படியை நான் அரைகுறையாகச் செய்தேன். முதல் நாடகத்தை ஒரு எடிட்டரில் திறந்தபோது திரை முழுக்கக் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. ஏதோ எழுத்துருப் பிரச்சினை, பிறகு பார்க்கலாம் என்று சேமித்து மூடினேன். மறுநாள் கோப்பின் அளவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருந்தது. புரியாத ஒவ்வொரு பைட்டையும் (கோப்பில் உள்ள ஒவ்வோர் எண்ணையும்) அந்த எடிட்டர் 'தெரியாத எழுத்து' என்ற ஒரே குறியாக மாற்றி எழுதிவிட்டது. அந்தக் குறிக்கு மூன்று பைட்: 239, 191, 189. நாடகம் முழுக்க இந்த மூன்று எண்களே திரும்பத் திரும்ப. எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது, ஏனென்றால் எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தது என்ற தகவலே இப்போது இல்லை. சிடி கையில் இருந்ததால் பிழைத்தேன்.

படி 2: எந்த அட்டவணை என்று கண்டுபிடியுங்கள்

கணினிக்கு 'க' தெரியாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்ல ஓர் அட்டவணை வேண்டும். ஆங்கிலத்துக்கு 1963-இலேயே ஆஸ்கி என்ற பொது அட்டவணை வந்துவிட்டது. அது 128 இடங்களோடு முடிந்தது. மீதி 128 இடங்களில் தமிழை எப்படி அடுக்குவது என்பதில் ஆளுக்கொரு வழி இருந்தது. திஸ்கி ஒன்று, டேப், டேம் இன்னும் இரண்டு. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தது. பெரியப்பாவின் கோப்புகள் பிறந்தது அந்தக் காலத்தில்.

இதில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-இல் தமிழ்நெட் மாநாடு இங்கேதான் நடந்தது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதன் பின்னால் நின்று உழைத்தவர். இணையத்தில் தமிழ் வர கணியன் என்ற மென்பொருள் முறையை உருவாக்கியவரும் அவர்தான். 2000-இல் இங்கே கூடிய இன்னொரு மாநாட்டில்தான் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. நாம் இன்று கைத்தொலைபேசியில் நினைத்தவுடன் தமிழில் எழுதுகிறோமே, அதற்குப் பின்னால் இந்த மனிதர்களின் இரவுகள் இருக்கின்றன. பெரியப்பாவின் சிடியைத் திறக்கும்வரை எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சரி, அட்டவணையைக் கண்டுபிடிப்பது எப்படி? குப்பையாகத் தெரிவதை உற்றுப் பாருங்கள். குப்பைக்கும் ஒரு முகம் உண்டு.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதை அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதியாக இருங்கள். அது யூனிகோட் தமிழ்தான் (யூனிகோட் என்பது இன்று எல்லா மொழிகளுக்கும் உள்ள பொது அட்டவணை), தவறான அட்டவணையில் திறந்திருக்கிறீர்கள். யூடிஎஃப்-8 என்று மாற்றித் திறந்தால் சரியாகிவிடும். காரணம் இதுதான்: யூனிகோடில் 'க'வின் எண் 2965. அதை யூடிஎஃப்-8 முறை 224, 174, 149 என்று மூன்று பைட்டாக எழுதுகிறது. தமிழ் எழுத்து எதுவானாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் 224 அந்த சாய்கோட்டு 'ஏ', 174 அந்த வட்ட 'ஆர்'.

வெறும் ஆங்கில எழுத்துகளாக, ஆனால் எந்தச் சொல்லும் ஆகாமல் இருந்தால் பெரும்பாலும் பாமினி. அதில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தெரியும்.

முக்கால் பின்னம், சென்ட் குறி, தலையில் கோடு போட்ட எழுத்துகள் என்று கலந்து வந்தால் திஸ்கியாக இருக்க வாய்ப்பு அதிகம். திஸ்கியில் 'த' இருக்கும் இடத்தில் மேற்கு ஐரோப்பிய அட்டவணை முக்கால் பின்னத்தை வைத்திருக்கிறது. பெரியப்பாவின் 14 நாடகங்களில் 12 இப்படித்தான் இருந்தன. மற்ற இரண்டும் பாமினி. வேறொரு நண்பர் தட்டச்சு செய்து கொடுத்தது என்று கேட்டபோது சொன்னார்.

விண்டோஸ் வைத்திருப்பவர்கள் ஹெச்எக்ஸ்டி என்ற இலவச நிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பில் உள்ள எண்களை அப்படியே காட்டும். திரையில் தெரியும் எழுத்து ஏமாற்றலாம், எண் ஏமாற்றாது.

படி 3: மாற்றுங்கள்

இரண்டு வழி. முதலாவது ஒட்டுவது: குப்பையாகத் தெரியும் எழுத்தை நகலெடுத்து, சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் ஒட்டினால் யூனிகோட் கிடைக்கும். ஒன்றிரண்டு பக்கத்துக்கு இது அருமை. இரண்டாவது, கோப்பையே நேரடியாக மாற்றுவது: லினக்ஸில் ஐகான்வ் என்ற கட்டளைக்குத் திஸ்கி தெரியும். உள்ளே திஸ்கி, வெளியே யூடிஎஃப்-8 என்று சொல்லி, கோப்பின் பெயரைக் கொடுத்தால் முடிந்தது.

முழு நாடகம் என்றால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒட்டும்போது எழுத்து நடுவில் இன்னொரு அட்டவணை வழியாகப் போய்வருகிறது. அந்த அட்டவணையில் காலியான இடங்கள் சில உண்டு. அங்கே விழுந்த எழுத்து காணாமல் போகும்.

மாற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. திஸ்கி, நாம் பேனாவால் எழுதும் வரிசையில் சேமிக்கும். 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட், நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கும்: முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஆகவே நல்ல மாற்றி எண்ணுக்கு எண் மாற்றினால் மட்டும் போதாது, இடமும் மாற்றிப் போட வேண்டும். மாற்றிய பிறகு கொ, கோ, கை, கெ வரும் வரிகளை முதலில் சோதியுங்கள். அவை சரியாக இருந்தால் மற்றவையும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அளவு கூடுமே என்று கவலை வேண்டாம். 'தமிழ்' திஸ்கியில் 4 பைட், யூடிஎஃப்-8-இல் 15 பைட். ஆனால் ஜிப் செய்தால் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஜிப், ஏற்கெனவே வந்த துண்டு மறுபடி வந்தால் 'இத்தனை இடம் பின்னால் பார்' என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. லெம்பெல், ஸிவ் இருவரும் 1977-இல் சொன்ன வழி. பிறகு, அடிக்கடி வரும் எண்ணுக்குச் சின்னக் குறியீடு, அபூர்வமாக வருவதற்கு நீளக் குறியீடு. இது 1952-இல் ஹஃப்மன் சொன்னது. எல்லா எழுத்துக்கும் முன்னால் 224, 174 என்று வந்தால் ஜிப்புக்குக் கொண்டாட்டம்தான். அதோடு, விரித்தால் ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வரும். எழுத்துக்கு அப்படித்தான் இருந்தாக வேண்டும். ஒரு புள்ளி போனால் பொருளே மாறிவிடுமே.

படங்கள்

புகைப்படத்தில் கொஞ்சம் இழக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. எதை இழக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400 பெருக்கல் 3600, அதாவது 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். மொத்தம் ஏறத்தாழ 26 எம்பி. ஜேபெக் இதைச் சில எம்பிக்குள் கொண்டுவரும். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மென்மையான ஏற்ற இறக்கங்கள், நுணுக்கமான ஏற்ற இறக்கங்கள் என்று பிரித்து, நுணுக்கமானவற்றை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கிவிடும். இந்தக் கணக்கை 1974-இல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ். நாம் அனுப்பும் ஒவ்வொரு பொங்கல் படத்திலும் அவர்கள் கணக்கு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

நான் செய்வது: ஸ்கேனை டிஃப் அல்லது பிஎன்ஜி-யாக வைத்துக்கொள்வேன், ஏனென்றால் இரண்டிலும் இழப்பில்லை. உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் 90 தரத்தில் ஒரு ஜேபெக். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி மீண்டும் ஜேபெக்காகவே சேமிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் போன்றவற்றுக்கு ஜேபெக் வேண்டவே வேண்டாம். அது நிறத்தின் விவரத்தைப் பெரும்பாலும் பாதியாக்கிவிடுவதால் சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும்.

கேசட்

நம்மூர் ஈரப்பதத்தில் கேசட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். நாடாவில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓடவிடாதீர்கள், பிளேயரின் தலை வழியாக மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். ஏழில் இரண்டை நான் அப்படியே ஒதுக்கி வைத்தேன்.

மற்றதை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் பதிவு செய்யுங்கள், நொடிக்கு 44,100 மாதிரி, 16 பிட். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதைப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் மாதிரி எடுக்க வேண்டும் என்பதால் இந்த எண். இரண்டு சேனலுக்கு நிமிடம் 10.6 எம்பி ஆகும். பதிவின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியைத் திரும்ப ஒட்ட முடியாது.

சேமிப்புக்கு ஃப்ளாக் என்ற ஒலி வடிவம். இழப்பில்லை. ஆனால் எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்காது. கேசட்டின் அந்த 'உஸ்ஸ்' இரைச்சல்தான் காரணம். இரைச்சலில் ஒழுங்கு கிடையாது, அடுத்த எண் என்ன என்று ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததைச் சுருக்க முடியாது. தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானன் 1948-இலேயே இதை நிரூபித்துவிட்டார். அதற்காக மூலப்பதிவில் இரைச்சலை நீக்காதீர்கள், மெல்லிய குரல்களும் சேர்ந்து போய்விடும். கைத்தொலைபேசியில் கேட்பதற்கு எம்பி3-ஐவிட ஓப்பஸ் என்ற வடிவம் எனக்குப் பிடிக்கும். பேச்சுக்கு 32 கேபிபிஎஸ் இருந்தாலே வசனம் தெளிவாகக் கேட்கிறது.

விஎச்எஸ்

விஎச்எஸ் காலத்தில் இங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு பால் என்ற முறையில் இருந்தது: கணினிக்கு மாற்றினால் 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம். சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 31 எம்பி. அதனால் வீடியோ ஒவ்வொரு படத்தையும் முழுதாக வைப்பதில்லை. ஒன்றை முழுதாக வைத்துவிட்டு, அடுத்தவற்றில் எது எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் எழுதும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் எச்.264, தரம் 18 முதல் 20, டீஇன்டர்லேஸ் (கோடு விட்டுக் கோடாகப் பிரிந்திருக்கும் படத்தைச் சேர்ப்பது) கட்டாயம். அதை விட்டால் கை வீசும் காட்சியில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரியும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த ஒருவர், மாற்றிய கோப்பில் சொல்லைத் தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்று எழுதியிருந்தார். என் கோப்புகளைப் பார்த்தேன், ஒட்டும் வழியில் மாற்றியவற்றில் எனக்கும் அதே பிரச்சினை. 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க, ஒகரக் குறி என்று இரண்டு எண்களாக, அல்லது க, கொம்பு, கால் என்று மூன்று எண்களாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். தேடும் நிரல் எண்ணைத்தான் ஒப்பிடுகிறது. பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் என்ற கட்டளையை என்எஃப்சி வடிவத்துக்கு ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஔகாரத்துக்கு மட்டும் அது உதவாது. பலர் 'கௌரவம்' என்பதைக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள எழுத்தையே தட்டி வைத்திருப்பார்கள். கணினிக்கு அது கெ, ள என்று இரண்டு எழுத்து. இதைத் தேடித் தேடிக் கையால்தான் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் மாற்றினால் 'தெளிவு' என்பதும் 'தௌிவு' ஆகிவிடும்.

திருத்திய கோப்புகளை டேப்லெட்டில் 28 அளவு எழுத்தில் போட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். முதல் நாடகத்தின் இரண்டாம் காட்சியில் நிறுத்தி, "இந்த வசனம் இங்க வராது மா, மேடையில மாத்திட்டோம்" என்றார். மாற்றிய வசனம் மூன்றாவது கேசட்டில் இருந்தது. அதைக் கேட்டுக்கேட்டு இப்போது அவரே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்.