இங்கேயும் ரூபாய், அங்கேயும் ரூபாய்: இலங்கைப் பயணத்தில் பணத்தைக் கோட்டை விடும் இடங்கள்

நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோவில் வந்தோம். "ஐநூறு ரூபா" என்றார் ஓட்டுநர். என் பெரியப்பா சட்டைப்பையில் இருந்த நம் ஊர் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். ஓட்டுநர் பின்னாலேயே வந்தார். "ஐயா, இது இந்தியக் காசெல்லோ? எனக்கு எங்கட காசில தாங்கோ" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைய மதிப்புக்கு அது அவர்கள் காசில் 1,700 ரூபாய்க்கும் மேல். அந்த மனிதரின் நேர்மையை இன்றும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இலங்கைக்குப் போகிற நம் ஊர்க்காரர்கள் பணத்தில் ஏமாறுவதற்கு வேரே இதுதான். சிங்கப்பூர் போனால் டாலர் என்றதும் மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பிக்கும். யாழ்ப்பாணத்தில் பேசுவது தமிழ், நோட்டிலும் தமிழ், பெயரும் ரூபாய். ஊரில் இருக்கிற நினைப்பிலேயே கை பர்சுக்குள் போய்விடுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் இந்திய ரூபாய்தான் அங்கேயும் புழங்கியது. 1872இல்தான் ஒரு ரூபாய்க்கு நூறு சதம் என்ற கணக்கு வந்தது. இன்று நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய். ஆகவே எந்த விலையைக் கேட்டாலும் முதலில் மூன்றரையால் வகுத்துவிடுங்கள். விடுதியிலோ வாடகை வண்டியிலோ விலை பேசும்போது "இலங்கைக் காசா, இந்தியக் காசா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். இரண்டு பர்ஸ் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பெரியப்பா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

நோட்டுகளோடும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். நூறு ஆரஞ்சு, ஐநூறு ஊதா, ஆயிரம் பச்சை, ஐயாயிரம் பொன்னிறம். மங்கிய வெளிச்சத்தில் நூறும் ஐயாயிரமும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. மதிப்பு கூடக் கூட நோட்டின் நீளமும் கூடும், அதை வைத்தும் அடையாளம் காணலாம். பணம் மாற்றும்போது கவுன்டரில் எல்லாவற்றையும் ஐயாயிரமாகவே கொடுத்துவிடுவார்கள். கொஞ்சத்தை ஐநூறாகவும் நூறாகவும் கேட்டு வாங்குங்கள். பஸ் கண்டக்டரிடம் ஐயாயிரத்தை நீட்டினால் அவர் மிச்சக் காசுக்கு எங்கே போவார்? பேனாவால் கிறுக்கிய நோட்டு, வேண்டுமென்றே சிதைத்த நோட்டு வந்தால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள். அவற்றை மாற்றித் தருவதில்லை என்று இலங்கை மத்திய வங்கி கறாராக இருக்கிறது.

சரி, ஊரிலிருந்து என்ன எடுத்துப் போவது? சென்னையிலேயே இலங்கை ரூபாய் வாங்கிப் போவது பெரும்பாலும் நஷ்டம். இங்கே அதற்குப் புழக்கம் குறைவு, அதனால் விலையும் மோசம். டாலராகக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு கொழும்பை அடுத்த கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும் இடத்தில் இருக்கிற வங்கிக் கவுன்டர்களில் மாற்றலாம். விமான நிலையம் என்றாலே கொள்ளை விலை என்று நினைப்போம். அங்கே அப்படியில்லை, கொழும்பு நகரத்து வங்கி விலையை ஒட்டியே தருகிறார்கள். இரண்டு மூன்று கவுன்டர்களின் பலகைகளைப் பார்த்துவிட்டு மாற்றினால் போதும். டாலர் நோட்டு மடிப்பு, கிழிசல், மை இல்லாமல் இருக்கட்டும். நூறு டாலர் நோட்டுக்குக் கிடைக்கும் விலை சில்லறை டாலருக்குக் கிடைக்காது. இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம் என்பதும் நினைவிருக்கட்டும். தெருவில் யாராவது வந்து "கூடத் தாறன்" என்றால் நகர்ந்துவிடுங்கள். அனுமதியில்லாமல் பணம் மாற்றும் அந்த வழி சட்டத்துக்குப் புறம்பானது. எண்ணிப் பார்க்க நேரம் கொடுக்கமாட்டார்கள், ரசீதும் கிடைக்காது.

இன்னொன்று, போயா. ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கை முழுவதும் விடுமுறை, வங்கியும் மூடியிருக்கும். பயணத் தேதிக்குள் பௌர்ணமி வருகிறதா என்று நம் வீட்டுக் காலண்டரிலேயே பார்த்து, முந்தின நாளே பணத்தை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கார்டுக்கு வருவோம். அதிகப் பணம் போவது இங்கேதான், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. 2020 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாக வரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். புறப்படும் முன் வங்கியின் ஆப்பில் அதை நீங்கள்தான் திறக்க வேண்டும், வரம்பும் வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடிவிடுங்கள். ரூபே டெபிட் கார்டு ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். உள்நாட்டுக்கு மட்டுமானவை அவற்றில் நிறைய. வேறு வேறு வங்கியின் இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பர்சிலும் ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள்.

நுவரெலியாவில் ஒரு விடுதியில் இரண்டு நாள் கணக்கு 35,000 இலங்கை ரூபாய் வந்தது. வரவேற்பில் இருந்தவர் கார்டைச் செருகினார். இலங்கை ரூபாயிலா, இந்திய ரூபாயிலா என்று மெஷின் திரையில் கேள்வி வந்தது. எனக்கு உதவுவதாக நினைத்து அவரே இந்திய ரூபாயை அழுத்திவிட்டார். 10,769 என்று சீட்டு வந்தது. நம் காசிலேயே தெரிகிறதே என்று எனக்கும் அப்போது மகிழ்ச்சிதான். அறைக்குப் போய்க் கணக்குப் போட்டேன். மூன்றரை வீதம் வகுத்தால் 10,000 தான் வர வேண்டும். என் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்த்து 413 ரூபாய். ஆக 10,413இல் முடிந்திருக்கும். மெஷின்காரர்கள் தங்கள் விருப்பத்துக்கு 3.25 என்று விலை வைத்ததால் 356 ரூபாய் வீணாகப் போனது. இப்படி இந்திய ரூபாயில் கழித்தாலும் அதற்கென்று தனிக் கட்டணம் எடுக்கும் வங்கிகளும் உண்டு.

எனவே மெஷின் கேட்டால் எப்போதும் உள்ளூர்க் காசைத் தேர்ந்தெடுங்கள். மெஷினை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி நீங்களே அழுத்துங்கள். தேர்வு செய்யும் உரிமை உங்களுடையது. தவறாக அழுத்திவிட்டால் கவுன்டரை விட்டு நகராமல், அதை ரத்து செய்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். 'வித்தவுட் கன்வர்ஷன்' என்பதை அழுத்துங்கள், பணம் கட்டாயம் வரும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் உண்டு என்பதால் ஐந்தாறு தடவையாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள். அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

யுபிஐ அங்கே 2024 பிப்ரவரி 12ஆம் தேதி வந்தது. இலங்கையின் பொதுக் க்யூஆர் குறியீடான லங்கா க்யூஆர் வைத்திருக்கும் கடைகளில் நம் ஆப்பிலிருந்தே செலுத்தலாம், ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே திறந்திருந்தால். ஆனால் எல்லாக் கடையிலும் ஓடும் என்று நம்பிக் கையில் காசில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். ஆட்டோ, பஸ், சந்தை, கோயில் வாசல் எல்லாம் ரொக்கம்தான். நம் சிம்மில் ரோமிங்கைத் திறந்து வைப்பதும் முக்கியம், அது இல்லாமல் வங்கியின் ஓடிபி வராது.

விடுதியிலும் பெரிய உணவகத்திலும் மெனுவில் உள்ள விலை கடைசி விலை அல்ல. 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வாட் வரியும் மேலே ஏறலாம். சாப்பிட உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். சிகிரியா மாதிரி இடங்களில் வெளிநாட்டவர் கட்டணம் டாலர் கணக்கில் இருக்கும். இந்தியாவும் சேர்ந்த சார்க் நாட்டவருக்கு அது குறைவு, ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட்டை அறையிலேயே விட்டுவிட்டுப் போய் முழுக் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் மாற்றிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்பும்போது மிச்சமிருக்கும் இலங்கை ரூபாயை மறுபடி டாலராக்க அதைக் கேட்பார்கள். அந்த மாற்றத்தையும் அங்கேயே முடித்துவிடுங்கள். சென்னைக்கு வந்தபின் அந்த நோட்டை நல்ல விலைக்கு வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். எங்கள் வீட்டு மேசை டிராயரில் இன்னும் இரண்டு ஐயாயிரம் கிடக்கிறது, பெரியப்பா அடுத்த முறை நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும்போது எடுத்துப் போவதற்காக.