முள்ளுக் கத்திரிக்காய் சொல்லிக்கொடுத்த பாடம்: குழந்தைக்குப் புதுச் சொல் பழக்குவது எப்படி?

மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது, படம் போட்ட அட்டைகளை வரிசையாக நீட்டி "இது என்ன, சொல்லு" என்று நச்சரித்தேன். அவள் அட்டையைக் கடித்துத் துப்பினாள். சரி, இது வேலைக்காகாது என்று அட்டையைப் பரணில் போட்டபிறகு கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது.

படி 1: கண் எங்கே போகிறது என்று பாருங்கள்

வேலூர் நேதாஜி மார்க்கெட். இடுப்பில் குழந்தை. நான் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்க, அவள் கண் பக்கத்திலிருந்த முள்ளுக் கத்திரிக்காய்க் குவியலில் இருந்தது. இலவம்பாடிக் காய், காம்பெல்லாம் முள். விரலை நீட்டினாள், குத்தியது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உடனே "முள்ளு! முள்ளு குத்திச்சா?" என்றேன். மூன்றாம் நாள் அடுப்படியில் கத்திரிக்காயைக் கண்டதும் "முள்ளு" என்றாள்.

அந்த நேரத்தில் அவள் முகத்தைத் திருப்பி "பாரு, தக்காளி" என்றிருந்தால், மனசு ஒரு பக்கமும் காது ஒரு பக்கமும் இருந்திருக்கும். ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலால் சுட்டத் தொடங்கும். அப்போது சுட்டிய பொருளின் பெயரைச் சொல்லிவிடுங்கள், போதும்.

படி 2: முழுசு முதலில், பாகம் அப்புறம்

அவள் "முள்ளு" என்றது முள்ளை இல்லை, முழுக் காயை! புதுச் சொல் காதில் விழுந்தால் அது முழுப் பொருளின் பெயர் என்றுதான் இந்த வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். தப்பு என்னுடையதுதான். முதலில் "இது கத்திரிக்காய்" என்று இரண்டு நாள் பழக்கி, பிறகு காம்பைத் தொட்டுக் காட்டி "கத்திரிக்காயோட முள்ளு" என்றேன். காய்க்கு ஏற்கெனவே பெயர் இருப்பதால், புதுப் பெயர் வேறெதற்கோ என்று குழந்தையே ஊகித்துக்கொள்ளும்.

படி 3: திருத்தாதீர்கள், நீட்டிச் சொல்லுங்கள்

ஆட்டைப் பார்த்து "நாய்" என்றால் "தப்பு" வேண்டாம். "ஆடு! மேன்னு கத்துது பாரு" போதும். பாட்டியைப் பார்த்து "ஆயா போ" என்றால், "ஆமா, ஆயா கடைக்குப் போறாங்க." சொன்னதும் வாயை மூடிக்கொண்டு, குழந்தை பதில் சொல்ல இடம் விட்டு, மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

படி 4: வீட்டில் எத்தனை மொழியோ, அத்தனையும் பேசட்டும்

எங்கள் ஊரில் இது சகஜம். ஆயா தெலுங்கில் "வங்காய" என்பார், எதிர்வீட்டு அம்மா உருதுவில் "பைங்கன்" என்பார். குழந்தை குழம்பாது. எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

படி 5: போனை நம்பாதீர்கள்

2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் நேரில் ஆள் பேசியபோது சீன மொழி ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது பிடிக்கவில்லை.

இன்னொன்று. 18 மாதமாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, விரலால் சுட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டி முதலில் காதைச் சோதியுங்கள். "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று ஆயா சொல்வார். சொல்லட்டும், நீங்கள் கிளம்புங்கள்.