லேத் பட்டறைக்கு வெர்னியர், மைக்ரோமீட்டர் வாங்கும் முன்

ஓசூர் சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறையில் முதலில் வாங்குவது, தாடைகளால் பிடித்து அளவெடுக்கும் டிஜிட்டல் வெர்னியர்தான் பெரும்பாலும். திரையில் 0.01 மி.மீ. காட்டுகிறதே என்ற நம்பிக்கை. ஆனால் 150 மி.மீ. வெர்னியர் நல்ல தரமாக இருந்தாலும் உண்மை அளவிலிருந்து 0.02 மி.மீ. வரை விலகலாம். டிராயிங்கில் 25 h6 (25 மி.மீ. விட்டம்; h6 என்பது ஷாஃப்டின் டாலரன்ஸ் வகை) என்று ஷாஃப்ட் வந்தால் மொத்த டாலரன்ஸே, அதாவது அனுமதிக்கும் அளவு வித்தியாசமே, 13 மைக்ரான் (0.013 மி.மீ.). 20 மைக்ரான் தவறும் கருவியால் அதை எப்படிப் பாஸ் பண்ணுவது?

ஆகவே கடைக்குப் போகும் முன் டிராயிங்கைப் பாருங்கள். கருவியின் பிழை, டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருப்பது உத்தமம். நான்கில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது. ±0.1 வேலைக்கு வெர்னியர் தாராளம். h6-க்கு 0.001 மி.மீ. காட்டும் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர் (திருகைச் சுழற்றி அளவெடுக்கும் கருவி) வேண்டும்.

போர் (துளை) அளவில்தான் அதிக ரிஜெக்ட். வெர்னியரின் உள் தாடை விளிம்பு முழுக் கூர்மையாக இருக்காது; சின்னத் துளையில் அளவு குறைத்துக் காட்டும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் வெட்டினால் ஓவர்சைஸ். 25 H7 என்ற துளை டாலரன்ஸுக்கு 21 மைக்ரான்தான் இடம். 18–35 மி.மீ. போர் கேஜில் (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) 0.001 மி.மீ. டயல் மாட்டி, ரிங் கேஜில் (அளவு தெரிந்த வளையம்) ஜீரோ வையுங்கள். துளைக்குள் முன்னும் பின்னும் ஆட்டினால் முள் ஓரிடத்தில் நின்று திரும்பும், அதுதான் அளவு.

பழைய மைக்ரோமீட்டர் வாங்கினால் ஜீரோ மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஸ்பிண்டில் (நகரும் தண்டு) திருகின் பிட்ச், அதாவது ஒரு சுற்றில் நகரும் தூரம், 0.5 மி.மீ.; 5, 10, 15 என்று முழு எண்ணில் சோதித்தால் திம்பிள் (சுழற்றும் உருளை) ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில்தான் நிற்கும், திருகின் கோளாறு தெரியாது. 5.1, 10.3, 15, 20.2, 25 என ஸ்லிப் கேஜ் (துல்லிய அளவுள்ள கட்டை) வைத்துப் பாருங்கள். அளவான அழுத்தத்தில் ‘கிளிக்’ என்று நழுவ வேண்டிய முனைக் குமிழான ராட்செட் சீராக இயங்காவிட்டால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சூடு இன்னொரு எதிரி. அளவுகள் எல்லாம் 20 டிகிரிக்குச் சொல்லப்பட்டவை. இரும்பு ஜாபும் இரும்புக் கருவியும் ஒரே சூட்டில் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தர்மபுரியின் சித்திரை வெயிலில்கூட அது ஓரளவு தாங்கும். ஆனால் அப்போதுதான் கழற்றிய 25 மி.மீ. அலுமினிய ஜாப் கருவியைவிட 20 டிகிரி அதிகச் சூடாக இருந்தால் 11 மைக்ரானுக்கு மேல் பெரிதாகக் காட்டும். அந்த அளவுக்கு வெட்டினால் ஆறியதும் அண்டர்சைஸ். சர்ஃபேஸ் பிளேட் (அளவெடுக்கப் பயன்படும் துல்லியச் சமதளப் பலகை) மேல் கருவியையும் ஜாபையும் சேர்த்து வைத்து ஆறவிட்டு அளவெடுங்கள்.

சர்ஃபேஸ் பிளேட் என்றதும், கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்கா பஞ்சம் என்று சமையல் மேடைக் கல்லை வாங்கி வைப்பவர்களும் உண்டு. பளபளப்பு வேறு, சமதளம் வேறு. லேப்பிங் செய்து (நுண்பொடியால் தேய்த்துச் சமமாக்கி) சான்றிதழோடு வரும் பிளேட்தான் உதவும்.

பணம் குறைவு என்றால் டிஜிட்டலைத் தள்ளிவைத்து, 0.02 சாதா வெர்னியர், 0–25 மைக்ரோமீட்டர், சில ஸ்லிப் கேஜ் என்று தொடங்குங்கள். டிஜிட்டல் வாங்கினால் எஸ்ஆர்44 பேட்டரி போடுங்கள். மலிவான எல்ஆர்44 வோல்டேஜ் இறங்கியதும் எண்கள் தடுமாறும். வேலை முடிந்து மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைக்கும்போது ஆன்விலுக்கும் (நகராத முனை) ஸ்பிண்டிலுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கட்டும்.