டிரஸ்ட் நடத்துபவர்கள் பண விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொண்டு நிறுவனம் தொடங்குபவர்கள் தங்கள் பட்ஜெட்டை என்னிடம் பார்க்கக் கொடுப்பதுண்டு. ரசீது, தனி வங்கிக் கணக்கு, தணிக்கை பற்றியெல்லாம் ஆடிட்டரே சொல்லிவிடுவார். மற்றவற்றுக்கு வருகிறேன்.

நிர்வாகச் செலவைப் பூஜ்யமாகக் காட்டுவது

2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம்கூட, மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். டிரஸ்ட்டுகள் வழியாகவும் செலவாகும் அந்தப் பணம் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் கணக்காளர் சம்பளம், வாடகை, கரண்ட் பில், தணிக்கைக் கட்டணம் எல்லாவற்றையும் பட்ஜெட்டிலிருந்து அடித்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்திய ஒரு டிரஸ்ட் இப்படித்தான் செய்தது. ஆசிரியர் ஊதியத்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வங்கியில் பணம் இருந்தது, கணக்கு எழுதும் பெண்ணுக்குக் கொடுக்க இல்லை. சம்பள பாக்கி ஏறியதும் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். செலவுக் கணக்கு தாமதமானது, அடுத்த தவணை நின்றது, மையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிள்ளைகள் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மையங்கள் அவை.

நிர்வாகச் செலவுக்கு ஏன் பணம் கேட்கவில்லை என்றால், “5 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாதாமே” என்றார்கள். அந்த வரம்பு, பணம் தரும் கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நிர்வகிக்க ஆகும் செலவுக்கானது. களத்தில் வேலை செய்யும் அமைப்புக்கு அல்ல. கம்பெனி அதிகாரிகளிலேயே பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். விதியை எடுத்துக் காட்டிப் பேசுங்கள்.

மூன்று திட்டங்களுக்கும் ஒருவரே கணக்கு எழுதுகிறாரா? வேலை சமமாக இருந்தால், ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். வாடகையையும் அப்படியே பிரியுங்கள். மொத்தமாக “இதர செலவு” என்று போட்டால் வெட்டத்தான் செய்வார்கள். எது எதற்கு என்று எழுதினால் பேச இடம் இருக்கும்.

வெளிநாட்டுப் பணத்தைப் பெரிய அமைப்பு வழியாக எதிர்பார்ப்பது

வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. ஓர் அமைப்பு பெற்றதை இன்னொன்றுக்கு மாற்றித் தர முடியாது. இங்கே மட்டும் நிர்வாகச் செலவு வரம்பு உங்களுக்கே பொருந்தும்: 50 சதவீதமாக இருந்தது 20 ஆகிவிட்டது.

80ஜி பதிவை நிரந்தரம் என்று நினைப்பது

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க உதவும் இந்தப் பதிவு காலாவதி ஆகும். தேதியைப் பாருங்கள்.

உள்ளூர்க்காரர்களிடம் கேட்கக் கூச்சப்படுவது

மாதம் 200 ரூபாய் தருபவர் பெரும்பாலும் இந்தத் தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதில்லை. தவணை தாமதமாகும் மாதத்தில் சம்பளம் கொடுக்க உதவுவது அந்தப் பணம்தான். முதல் வருடமே கேட்கத் தொடங்குங்கள். ரசீதை அன்றே கொடுத்துவிடுங்கள்.